முதிய பூனையும் காரணம் அறியா வயிற்று நோயும்

பொருநை பாயும் நாட்டில் நெல்லுக்குக் குறைவில்லை. நெல் சேர்ந்த இடத்தில் எலி சேரும். எலி சேர்ந்த இடத்தில் பூனைக்கு வேலை உண்டு. பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் ஆறு, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று ஊர் ஊராய் நடந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை, இரு கரையிலும் உள்ள பழைய வீடுகளில் நெற்குலுக்கை இருந்தது. அதைக் காக்கப் பூனையும் இருந்தது. பழந்தமிழர் வீட்டுப் பூனையைப் பூசை என்றனர். காட்டுப் பூனையை வெருகு என்றனர். குலுக்கைகள் மறைந்து, நெல் ஆலைக்குப் போய், அரிசியாகச் சாக்கில் வீட்டுக்கு வரும் இந்நாளிலும் பூனை வீட்டை விட்டுப் போகவில்லை. வேலை போயிற்று, உறவு நின்றது.

அந்தப் பூனை முதுமை அடைகிறது. 10 வயதைக் கடந்த பூனையை முதிய பூனை என்பது இன்றைய மருத்துவர் கணக்கு. 15 வயதுப் பூனை ஏறத்தாழ 76 வயது மனிதரை ஒக்கும் என்பர். தெருவில் அலையும் பூனை அவ்வளவு காலம் வாழ்வது அரிது. சோறும் நிழலும் பெற்ற வீட்டுப் பூனையே அந்த வயதைக் காண்கிறது. ஆகவே முதுமையின் நோய்களையும் அதுவே காண்கிறது. மாணவ நண்பர்களே, அந்நோய்களுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

அந்நோய் ஆரவாரத்தோடு வருவதில்லை. ஒருநாள் காலையில் பத்தமடைப் பாயின் மேல் சிறிது வாந்தி கிடக்கும். முடி உருண்டையாக இருக்கும் என்று துடைத்துவிடுவோம். பூனை தன் உடலை நக்கித் தூய்மை செய்யும் பிராணி. விழுங்கிய முடியை எப்போதாவது கக்குவது இயல்பே. பத்து நாள் சென்று மீண்டும் வாந்தி. பிறகு வாரம் ஒருமுறை. இடையில் இரண்டு நாள் பேதி, பிறகு நலம். பூனையைத் தூக்கும் குழந்தைதான் முதலில் சொல்லும், “பூனை கனமே இல்லை” என்று. அப்போது முதுகெலும்பைத் தடவிப் பார்த்தால் மணிமணியாகக் கைக்குத் தட்டுப்படும். மருத்துவரிடம் கொண்டுபோகிறோம். அவர் பார்க்கிறார், இரத்தம் எடுக்கிறார், மலத்தைச் சோதிக்கிறார். இறுதியில், “காரணம் இன்னதென்று புலப்படவில்லை” என்கிறார். அந்தச் சொல்லைக் கேட்ட வீட்டார் பெரும்பாலும் இரண்டில் ஒன்று செய்கின்றனர்: கைவிட்டுவிடுகின்றனர், அல்லது கண்டதையெல்லாம் கொடுக்கத் தொடங்குகின்றனர். இரண்டும் தவறு. ஏன் தவறு என்பதைச் சொல்லவே இப்பேச்சு.

திருக்குறளில் 95-ஆம் அதிகாரம் மருந்து. நோயைத் தேர்ந்து, அதன் முதலைத் தேர்ந்து, தணிக்கும் வழியைத் தேர்ந்து செய்க என்று வள்ளுவர் அங்கே வரிசை வகுத்தார். இவ்வரிசையில் இரண்டாம் படியிலேயே கால் இடறினால் என் செய்வது? அதற்கும் அதே அதிகாரத்தின் இறுதிக் குறளில் வழி கிடைக்கிறது. மருத்துவம் என்பது நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுகிறவன் ஆகிய நான்கு கூறுகளை உடையது என்கிறார். அந்த நான்காமவனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து தொண்டு செய்பவன். மனித நோயாளி தன் வலியைத் தானே சொல்லுவான். பூனை சொல்லாது, சொல்லாதது மட்டுமன்று, மறைக்கவும் செய்யும். தனியே வேட்டையாடி வாழ்ந்த இனத்துக்குத் தளர்ச்சியைக் காட்டுவது ஆபத்து. எனவே பூனையின் நோயில் முதற்கூறு ஊமை. இரண்டாங்கூறு ஐயத்தில் நிற்கிறது. மூன்றாங்கூறு அதனால் தயங்குகிறது. சுமை முழுவதும் நான்காமவர் தோளில் விழுகிறது. அந்த நான்காமவர் நீங்கள்.

உழைச்செல்வானின் முதற்கடமை, செய்யக்கூடாததைச் செய்யாதிருத்தல். நம் நாட்டில் வயிறு கெட்டால் உடனே நினைவுக்கு வரும் மொழி, “லங்கணம் பரம ஔஷதம்”. மனிதருக்கு ஒருவேளை பட்டினி பல சமயம் நல்லதே. பூனைக்கு அது நஞ்சாகலாம். இதை நான் ஏட்டில் படித்து அறிந்தவனல்லன். பிழை செய்து அறிந்தவன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு சாம்பல் நிறப் பூனை இருந்தது. நல்ல கொழுத்த உடல். இரண்டு நாள் வாந்தி எடுத்தது. “வயிறு ஓயட்டும், ஒன்றும் வைக்காதே” என்றாள் அத்தை. நானும் தட்டை எடுத்து வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் வாந்தி நின்றது. மருந்து பலித்ததென்று மகிழ்ந்தோம். நான்காம் நாள் சாளைமீன் வைத்தபோது அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் அதன் காதின் உட்புறம் மஞ்சளாக இருந்தது. அந்த வாரம் முடியுமுன் இறந்தது. வாந்தி நின்றதற்குக் காரணம் வயிறு நலமடைந்தது அன்று. வாந்தி எடுக்க ஒன்றும் இல்லாமற் போனது.

நிகழ்ந்தது இதுதான். உணவு வராதபோது பூனையின் உடல், சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் விடுகிறது. அந்தக் கொழுப்பு கல்லீரலில் வந்து குவிகிறது. மனிதக் கல்லீரலும் நாயின் கல்லீரலும் அந்தச் சுமையை ஒருவாறு சமாளிக்கும். பூனையின் கல்லீரலுக்கு அத்திறன் குறைவு. கொழுப்பு அடைத்த கல்லீரல் தன் தொழிலை இழக்கிறது, பித்தம் இரத்தத்தில் தேங்கி மஞ்சள் நிறம் தோன்றுகிறது, குமட்டல் மிகுகிறது, குமட்டலால் பூனை மேலும் உண்ண மறுக்கிறது. இச்சுழல் சில நாட்களிலேயே தொடங்கிவிடும். கொழுத்த பூனைக்கு அபாயம் மிகுதி. அதிலிருந்து மீட்க, மருத்துவர் குழாய் வழியாக வாரக்கணக்கில் உணவூட்ட நேரும். ஆகவே முதிய பூனை ஒரு முழு நாள் ஒன்றும் உண்ணாவிட்டால், அதுவே மருத்துவரிடம் போகப் போதிய காரணம். மூன்று நாள் பார்ப்போம் என்று காத்திருப்பது கூடாது.

பூனையை ஏன் நம் அளவுகோலால் அளக்கக் கூடாது என்பதற்கு அதன் பிறப்பிடத்தை அறிய வேண்டும். 2007-ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று, உலகெங்கும் உள்ள வீட்டுப் பூனைகள் மேற்காசியப் பாலை நிலங்களின் காட்டுப் பூனையின் வழி வந்தவை என்று காட்டிற்று. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்திய புதைகுழி ஒன்றில் மனிதருக்கு அருகே பூனை ஒன்று புதைக்கப்பட்டிருந்ததை 2004-இல் அறிவித்தனர். அங்கும் தானியக் களஞ்சியமே மனிதரையும் பூனையையும் சேர்த்து வைத்தது என்பர். ஆக, வற்றாத ஆற்றின் கரையில் பிறந்தாலும் நம் பூனை பாலைவனத்து உடலையே சுமந்து திரிகிறது. இரையின் உடலில் உள்ள நீரே அதன் முன்னோர்க்குப் போதும். எனவே தாகம் குறைவு. சிறுநீர் மிகச் செறிவு. இளமையில் இது சிறப்பு. முதுமையில் சிறுநீரகம் தளரும்போதும், வாந்தியும் பேதியும் நீரை வெளியேற்றும்போதும் இதுவே தீங்காகிறது. சித்திரை வெயிலில் திருநெல்வேலி மண் கொதிக்கையில் சொல்லவும் வேண்டுமோ? உணவிலேயே நீர் கலந்து கொடுப்பதும், வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் நாள்தோறும் புதுநீர் வைப்பதும் சிறிய செயல்கள் போலத் தோன்றும். ஆனால் பல மருந்துகளைவிட மேலானவை.

இரண்டாவது, பூனை முற்றிலும் ஊனுண்ணி. தாவரத்திலுள்ள கரோட்டினிலிருந்து வைட்டமின் ஏ-யை அதனால் ஆக்கிக்கொள்ள முடியாது. டாரின் என்ற பொருள் ஊனிலும் மீனிலும் உண்டு, சோற்றில் இல்லை. அது இல்லாத உணவைத் தொடர்ந்து உண்ட பூனையின் விழித்திரை சிதைகிறது என்பதை 1975-இலும், இதயத் தசை தளர்ந்து விரிகிறது என்பதை 1987-இலும் அறிஞர் கண்டனர். “எங்கள் பூனை சைவம்; தயிர்ச்சோறுதான் உண்ணும்” என்று பெருமையோடு சொல்லும் வீடுகள் நம் ஆற்றங்கரை ஊர்களில் பல உண்டு. அந்தப் பூனை இத்தனை காலம் வாழ்ந்தது தயிர்ச்சோற்றால் அன்று. கொல்லைப்புறத்தில் யாரும் காணாமல் பிடித்துத் தின்ற எலியாலும் ஓணானாலும் பல்லியாலும்! முதுமையில் வேட்டை நின்றதும் அந்த மறைமுகச் சாப்பாடும் நின்றுபோகிறது. உடல் மெலிவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

பாலைப் பற்றியும் ஒரு சொல். கம்பர் தம் அவையடக்கத்தில் தம்மைப் பாற்கடலை நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையாக உவமித்துக்கொண்டார். கவிதைக்கு அது அழகு. ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துபோகிறது; முதிய பூனையின் குடலுக்கு ஒரு கிண்ணம் பாலே கடல்தான். பேதி உள்ள பூனைக்கு இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது. சில வீடுகளில் ‘காரணம் புலப்படாத நோய்’ இதோடு தீர்ந்துவிடுவதும் உண்டு. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச் சோற்றையும் நிறுத்த வேண்டும். அவை பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன.

இனி, மருத்துவர் “காரணம் புலப்படவில்லை” என்று சொல்வதன் பொருளை ஆராய்வோம். அச்சொல் மூன்று நிலைகளில் வரும். தேட வேண்டியவற்றை இன்னும் தேடி முடிக்கவில்லை என்பது ஒரு நிலை. தேடியாயிற்று, இதற்கு மேல் தேடக் குடலின் சதையையே துணுக்காக எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாம் நிலை. ஒன்றல்ல, இரண்டு மூன்று நோய்கள் பின்னிக் கிடக்கின்றன என்பது மூன்றாம் நிலை. எந்த நிலை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உழைச்செல்வானின் உரிமை. கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாகக் கொள்ளமாட்டார்.

முதல் நிலையில் தேட வேண்டியவை பல வயிற்றுக்கு வெளியே இருக்கின்றன. சிறுநீரகம் தளர்ந்தால் கழிவு இரத்தத்தில் தேங்கிக் குமட்டலை எழுப்பும். வீட்டாருக்குத் தெரிவது வாந்தி மட்டுமே. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரந்தால் பூனை ஓயாமல் உண்ணும். உண்ண உண்ண மெலியும். வாந்தியும் பேதியும் உடன் வரும். பூனைகளிடம் இந்நோயை மருத்துவ உலகம் முதன்முதல் விளக்கியது 1979-இல்தான். அதற்கு முன் மெலிந்து இறந்த முதிய பூனைகள் பலவற்றை, “வயதாயிற்று” என்ற ஒரு சொல்லால் நாம் வழியனுப்பியிருக்கக்கூடும். நீரிழிவும் இவ்வகையில் சேரும். இவை மூன்றும் இரத்தத்திலும் சிறுநீரிலும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வெப்ப நாடுகளுக்கே உரிய ஒன்று, பல்லி. பூனை பல்லியைத் தின்றால் மெலியும் என்று நம் பாட்டிமார் சொன்னதை நான் ஒரு காலத்தில் நகைத்துத் தள்ளியதுண்டு. ஈரல் தட்டைப்புழு வகை ஒன்று பூனையின் பித்தக் குழாயில் வாழ்கிறது. அதன் முட்டை பூனையின் மலத்தோடு வெளிவருகிறது. மண்ணிலுள்ள நத்தை அதை உண்கிறது. நத்தையிலிருந்து வெளிப்பட்ட குஞ்சுப்புழு, ஈரமான கல்லுக்கடியில் வாழும் மரப்பேன் போன்ற சிற்றுயிருக்குள் புகுகிறது. அதைப் பல்லி விழுங்குகிறது. பல்லியைப் பூனை தின்னும்போது புழு பழைய வீட்டுக்கே வந்து சேர்கிறது. இதன் வட்டம் எத்துணை நுட்பமானது பாருங்கள்! ஒரு பல்லியில் நோய் வந்துவிடுவதில்லை, பல புழுக்கள் சேர்ந்தால் பித்தம் அடைபடும், உணவு வெறுக்கும், உடல் இளைக்கும், மஞ்சளும் தோன்றும். சாதாரணக் குடற்புழு மருந்து இதற்குப் போதாது. ஆதலால், “எங்கள் பூனை பல்லி பிடிக்கும்” என்ற செய்தியை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். நகரத்து மாடிவீட்டுப் பூனையை மட்டும் பார்த்துப் பழகியவர்க்கு அது தோன்றாமற் போகலாம்.

இரண்டாம் மூன்றாம் நிலைகளுக்கு வருவோம். முதிய பூனைகளில் குடற்சுவர் நெடுநாள் அழற்சியால் தடித்துப்போவது உண்டு. மெல்ல வளரும் ஒருவகைப் புற்றுநோயாலும் அதே குடல் அதே விதமாகத் தடிக்கிறது. ஸ்கேன் படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்சியளிக்கும். நுண்ணோக்கியின் கீழும் சில சமயம் அறிஞர் கருத்து வேறுபடுவர். போதாததற்கு, பூனையின் உடலமைப்பே ஒரு சிக்கலைச் செய்து வைத்திருக்கிறது. கணையத்தின் குழாயும் பித்தக் குழாயும் பெரும்பாலான பூனைகளில் ஒன்றுசேர்ந்து ஒரே வாயாகக் குடலில் திறக்கின்றன. இரண்டு வாய்க்கால் ஒரே மடையில் வந்து விழுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். மடையில் வண்டல் படிந்தால் இரண்டு வாய்க்காலிலும் நீர் எதிர்த்து ஏறும். அதுபோலக் குடலில் தோன்றிய அழற்சி கணையத்தையும் ஈரலையும் பற்றும். மூன்றும் ஒருங்கே நோயுற்றபோது ‘முதற் காரணம் எது?’ என்ற வினாவுக்கு விடையே இல்லாமற் போகலாம்.

அப்படியானால் மருத்துவம் இல்லையா? உண்டு. முதலாவது, உணவுச் சோதனை. பூனை இதுவரை உண்டறியாத ஊன் ஒன்றை மட்டும் இரண்டு மூன்று வாரம் கொடுத்துப் பார்ப்பது. நம் ஊர்ப் பூனை கோழியும் மீனும் உண்டு வளர்ந்தது. ஆகவே அதற்கு வாத்தோ முயலோ புதியது. புரதத்தை நுண்ணிதாக உடைத்துச் செய்த ஆயத்த உணவுகளும் விற்கின்றன. விலை சற்று மிகுதி. குடல் நோய் உணவினால் ஆனதென்றால் பெரும்பாலும் இக்காலத்துக்குள் தெரிந்துவிடும். ஆனால் சோதனை நடக்கும்போது, பக்கத்து வீட்டுப் பாட்டி மதில்மேல் வைத்த ஒரு துண்டு கருவாடு எல்லாவற்றையும் பாழாக்கிவிடும்! வீட்டில் சமைத்த ஊனையே நெடுங்காலம் கொடுப்பதானால் டாரினும் சுண்ணாம்புச் சத்தும் எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வைட்டமின் பி12. அது சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்படுவது. அப்பகுதி நெடுநாள் நோயுற்றால் பி12 உடலில் வற்றிப்போகும். அது வற்றினால் பசி குன்றும், குடலும் தேறாது. வாரம் ஒரு ஊசியாகச் சில வாரங்கள் கொடுப்பது வழக்கம். காரணம் எதுவாயினும் இந்தக் குறையை நிரப்பிய அளவில் சில பூனைகள் தட்டைத் தேடி வரத் தொடங்கும். அழற்சியை அடக்கப் பிரெட்னிசலோன் என்ற மருந்து உண்டு. மெல்ல வளரும் புற்றென்று அறிந்தால் அத்துடன் குளோராம்புசில் சேர்ப்பர். அம்மருத்துவத்தில் இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் நலமாக வாழ்ந்த பூனைகள் பல.

இங்கேதான் வீட்டார் முடிவு செய்யவேண்டிய கடினமான இடம் வருகிறது. குடற்சதையை எடுத்துப் பார்த்தால் உறுதி கிடைக்கும். ஆனால் மயக்க மருந்து வேண்டும், சில வேளை வயிற்றைத் திறக்கவும் வேண்டும். பதினாறு வயது மெலிந்த பூனை அதைத் தாங்குமா? பாராமலே பிரெட்னிசலோன் தொடங்கினால் பூனை சில நாளில் தேறக்கூடும். ஆனால் பின்னர் சதையை எடுத்துப் பார்க்க நேர்ந்தால், மருந்து நோயின் அடையாளத்தை மங்கச் செய்திருக்கும். சிலவற்றுக்கு அம்மருந்தால் நீரிழிவும் வரும். வலிவுள்ள பூனையானால் முதலில் சோதனை, மிகத் தளர்ந்ததானால் முதலில் ஆறுதல் என்பது என் கருத்து. ஆனால் இது மருத்துவரும் வீட்டாரும் பூனையை நடுவில் வைத்துக்கொண்டு பேசி முடிக்கவேண்டியது. வானொலியில் தீர்ப்புச் சொல்லத்தக்கதன்று.

அந்த முடிவுக்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். நான்கு வரி நோட்டு ஒன்று போதும். மாணவர்களாகிய உங்களுக்கு இது புதிதல்ல. ஆய்வுக்கூடத்தில் செய்வதையே வீட்டில் செய்யச் சொல்கிறேன். வாரத்தில் ஒரே நாளில், ஒரே வேளையில், பூனையை நிறுத்து எழுதுங்கள். எடைப்பொறியில் பூனையோடு ஏறி நின்று, பிறகு தனியே நின்று கழித்துக்கொள்வது எளிய வழி. சிறு மாறுதலும் தெரியவேண்டுமானால் மூடிய கூடையில் வைத்துக் கடைத் தராசில் நிறுப்பது மேல். 4 கிலோ இருந்த பூனை 3.6 கிலோ ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது பத்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவர் 6 கிலோ இழந்ததற்குச் சமம். வாந்தி எடுத்தால், வயிற்றை எக்கி எடுத்ததா, அல்லது உண்ட உணவு உருமாறாமல் அப்படியே வழிந்து விழுந்ததா என்று பாருங்கள். முன்னது இரைப்பை, குடல் அல்லது இரத்தத்தின் கோளாறு. பின்னது பெரும்பாலும் உணவுக்குழாயின் கோளாறு. பேதியானால், அளவில் மிகுந்து எப்போதாவது போகிறதா, அல்லது சிறிது சிறிதாகச் சளியும் சிவந்த இரத்தமுமாக அடிக்கடி போகிறதா என்று குறியுங்கள். முதலது சிறுகுடலைச் சுட்டும், மற்றது பெருங்குடலை. தார்போலக் கறுத்த மலம் மேற்குடலில் இரத்தம் கசிவதன் அடையாளம். ‘அடிக்கடி வாந்தி’ என்று சொல்லும் வீட்டாரைவிட ‘மாசியில் மூன்று முறை, பங்குனியில் ஏழு முறை’ என்று சொல்லும் வீட்டாரால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

சில செய்திகளை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே புறப்பட வேண்டும். ஒரே நாளில் ஓயாத வாந்தி, ஈறும் காதும் மஞ்சளாதல், இரத்தம் இவை அத்தகையவை. ஆண் பூனை மலத்துக்கு முக்குவது போலக் குந்திக் குந்தி எழுந்தால் சிறுநீர் அடைத்திருக்கலாம்; அது ஓரிரு நாளில் உயிரைக் கொள்ளும். பூச்சரம் கட்டிய நூலை விழுங்கும் பூனைகளும் உண்டு. நூலின் நுனி வாயிலோ ஆசனவாயிலோ தெரிந்தால் இழுக்காதீர்கள். உள்ளே குடல் சுருக்கிட்ட துணிபோல மடிந்திருக்கும். இழுத்தால் நூல் கத்தியாகி அறுத்துவிடும்.

கைமருந்து பற்றிக் கேட்பீர்கள். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் உண்டு. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனைகள் வந்து முகர்ந்து புரளும். பார்க்க வேடிக்கையாகவே இருக்கும். அதன் சாறு வாந்தி உண்டாக்குவது. வாந்தியால் நலிந்த பூனைக்கு அதைப் புகட்டுவது எரியும் வீட்டில் எண்ணெய் விடுவதாகும். மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெயைப் பலவந்தமாக ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கக்கூடும். எல்லாவற்றினும் கொடியது, நமக்குக் காய்ச்சலுக்கு விழுங்கும் பாரசிட்டமால். அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். அறுகம்புல்லைப் பூனை தானே கடித்தால் கடிக்கட்டும். அது அதன் வழக்கம்.

நாள்தோறும் ஊட்டும் முறையிலும் சில நுட்பம் உண்டு. காட்டுப் பூனை ஒரு நாளில் பல சிறிய இரைகளை உண்பது. ஆகவே முதிய பூனைக்கு இரண்டு பெரிய வேளையைவிட ஐந்தாறு சிறிய வேளை தாங்கும். பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ். அந்த இளஞ்சூட்டுக்கு உணவை வெதுப்பினால் மணம் எழும். மங்கிய மூக்குக்கு அந்த மணமே அழைப்பு. குமட்டும் வேளையில் வாயில் திணிக்காதீர்கள். திணித்த உணவை அது நோயோடு சேர்த்து நினைவில் வைத்து, பின்னர் தேறிய போதும் தொடாது. அதே காரணத்தால் அதற்கு மிக விருப்பமான மீனில் மாத்திரையை மறைப்பதும் நன்றன்று. குமட்டலை அடக்கவும் பசியைத் தூண்டவும் பூனைக்கென்றே மருந்துகள் உள்ளன, கேட்டு வாங்குங்கள். படுக்கையும் தண்ணீரும் மணற்பெட்டியும் படியேறாமல் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

எல்லாம் செய்தும் எடை இறங்கிக்கொண்டே போகும் பூனைகளும் உண்டு. உண்பது, தன்னை நக்கித் தூய்மை செய்வது, வெயில் காயும் திண்ணைக்குத் தானே நடந்து போவது, நாம் வந்தால் தலை தூக்குவது இவற்றை நோட்டில் நாள்தோறும் குறித்து வந்தால், நல்ல நாள் குறைந்து கெட்ட நாள் பெருகும் காலம் தாளிலேயே தெரியும். அப்போது வலியின்றி முடிக்கும் வழியைப் பற்றி மருத்துவரோடு பேசுவது கொடுமையன்று. அதைப் பேச மனம் வராதவரை நான் குறைகூறமாட்டேன், எனக்கும் வந்ததில்லை.

முன்னெல்லாம் இத்தகைய சோதனைகளுக்கு நம் பக்கத்தார் எங்கே போவது? கால்நடை மருத்துவம் கற்பிக்கும் கல்லூரி சென்னையில் 1903-இல் தோன்றியது, நாமக்கல்லில் 1985-இல். திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் 2012-ஆம் ஆண்டு கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் தொடங்கின. கால்நடை என்ற பெயரைக் கண்டு, மாட்டுக்கு மட்டும் போலும் என்று எண்ணித் திரும்பிவிட வேண்டாம். பூனைக்கும் அங்கே இடம் உண்டு. பேருந்தில் கொண்டுபோவதானால் மூடியுள்ள கூடை வேண்டும். அடியில் பூனை படுத்துப் பழகிய துணியை விரியுங்கள். மேலே ஒரு துணி போர்த்தினால் இரைச்சலுக்கு அஞ்சாது. வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். அன்று காலை கழித்த மலத்தைச் சிறிது சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். கூடையின் பக்கத்தில் அந்த நோட்டும் இருக்கட்டும்.